வாசலில் நடக்கும் விசாரணை

அன்புள்ள தம்பி,

குற்றவியல் தாள் முடிந்து ஹாலைவிட்டு வந்ததும் வகுப்பே கூடி நின்று விடைகளை ஒப்பிட்டதாகவும், பிராப்ளம் கேள்விக்கு நீ மட்டும் ‘கொலை’ என்று எழுதியிருக்க, மற்றவர்கள் எல்லாரும் ‘கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றம்’ என்று எழுதியிருந்ததாகவும் சொல்லியிருந்தாய். அன்றிரவு சரியாகச் சாப்பிடக்கூட இல்லையாம். விடைகளை ஒப்பிட்டதில் தவறில்லை. ஆனால் நீங்கள் ஒப்பிட்டது கடைசி வரியை மட்டும்தான். கணக்குத் தாளில் கடைசி வரி பொருந்தவில்லை என்றால் கவலைப்படக் காரணம் உண்டு. சட்டத் தாளில் எந்தப் பிரச்சினையைக் கண்டுகொண்டாய், எந்த விதியை எடுத்தாய், கேள்வியில் கொடுத்த சங்கதிகளை அந்த விதியோடு எப்படிப் பொருத்தினாய் என்பதில்தான் மதிப்பெண்ணின் பெரும்பகுதி கிடக்கிறது. அதைப் பற்றி உங்கள் கூட்டத்தில் ஒருவரும் ஒருவரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

உங்கள் கேள்விக்கு முன்னோடியான வழக்கையே எடுத்துக்கொள். 1876இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கோவிந்தா வழக்கு. 18 வயதுக் கணவன் 15 வயது மனைவியைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை வைத்து, முகத்தில் கைமுட்டியால் பலமாக இரண்டு மூன்று முறை குத்தினான். மூளையில் இரத்தம் கசிந்து அந்தப் பெண் இறந்துபோனாள். செஷன்ஸ் நீதிபதி அதைக் கொலை என்றார். உயர் நீதிமன்றத்தில் விசாரித்த இரு நீதிபதிகளுக்குள் கருத்து ஒத்துப்போகவில்லை. மூன்றாமவரான மெல்வில்லிடம் வழக்கு போயிற்று. அவர் கொலை அல்ல என்றார். இத்தனை ஆண்டுகளாக இந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் படிக்கவைப்பது அந்த முடிவுக்காக அல்ல. இந்திய தண்டனைச் சட்டத்தின் 299, 300 ஆகிய இரண்டு பிரிவுகளையும் அவர் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல் ஒத்துப் பார்த்தார். ‘மரணம் விளைவிக்கக்கூடிய’ காயம் ஒன்று. ‘இயற்கையின் வழக்கமான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான’ காயம் வேறொன்று. அந்த மயிரிழை வேறுபாட்டில்தான் ஒருவனுடைய தலை தொங்கிக்கொண்டிருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 100, 101 ஆகிவிட்டன. எண்தான் மாறியது, மயிரிழை அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டு சொற்றொடர்களையும் பிரித்துக் காட்டி, அடி விழுந்த இடம், வேகம், எத்தனை அடி என்பதையெல்லாம் எடைபோட்டு, அதன் பிறகு ‘கொலை’ என்று முடித்திருந்தால் நீ பயப்பட வேண்டியதில்லை. பிரித்துக் காட்டாமல் ‘கொலை அல்ல’ என்று முடித்த உன் நண்பன்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பழங்கதை என்று தோன்றினால் நம் ஊருக்கே வா. 18 சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதிநீக்க வழக்கில் 2018 ஜூன் 14 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஒரே ஆவணங்களைப் படித்து, ஒரே வாதங்களைக் கேட்டு, எதிரெதிர்த் தீர்ப்பு எழுதினார்கள். சபாநாயகரின் உத்தரவு செல்லும் என்றார் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி. செல்லாது என்றார் நீதிபதி சுந்தர். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி சத்தியநாராயணன் செல்லும் என்றதோடு அது முடிந்தது. அதற்காக நீதிபதி சுந்தர் பரீட்சையில் ஃபெயில் என்று யாரும் சொல்லவில்லை.

‘அப்படியானால் எதை எழுதினாலும் சரியா?’ என்று கேட்பாய். இல்லை. மைனர் செய்துகொண்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்துவிட்டது. மைனர் விரும்பினால் ரத்து செய்துகொள்ளலாம் என்று ஒருவன் எழுதினால், அவனுடைய நியாயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விடை தவறுதான். நீதிமன்றம் மூடிவிட்ட கேள்வி எது, சங்கதிக்குச் சங்கதி திறந்தே இருக்கும் கேள்வி எது என்று தெரிந்துகொள்வதே சட்டப் படிப்பில் பாதி. நண்பர்களோடு ஒப்பிடுவதற்கு உருப்படியான காரணமும் அதுதான். மூடிய கேள்வியில் வேறுபட்டால் யாரோ ஒருவர் பாடத்தைத் தவறவிட்டிருக்கிறார். இரண்டு நிமிடத்தில் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிடலாம். திறந்த கேள்வியில் வேறுபட்டால், நீ கவனிக்காத ஒரு சங்கதி அடுத்தவன் கண்ணில் பட்டிருக்கலாம்.

‘திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கிறதே, அதில் என்ன இருக்கிறதோ அதுதானே சரி?’ என்பது அடுத்த தடை. இதிலும் நீதிமன்றம் பேசியிருக்கிறது. 1983இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில், மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய மாணவர்கள் வெளியிடப்பட்ட விடைக்குறிப்பைப் பாடநூல்களோடு ஒத்துப் பார்த்து, குறிப்பே தவறு என்று காட்டினார்கள். உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் குறிப்பு சரி என்றே முதலில் கொள்ள வேண்டும், தவறு என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தால்தான் தலையிட முடியும் என்றும் சொன்னது. அதுகூட ஒரே விடை உள்ள கேள்விகளின் கதை. பத்தி பத்தியாக எழுதும் தாளுக்கு வரும் குறிப்பு, திருத்துகிறவருக்கு வழிகாட்டி. அதையே தீர்ப்பாக நினைத்து நடுங்க வேண்டாம்.

பரீட்சை முடிந்ததும் பேசவே கூடாது என்று உங்கள் ஆசிரியர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. சாட்சியச் சட்டம் படிக்கிறவனுக்கு இது புரிய வேண்டும்: ஓர் ஆவணத்தில் இருப்பதை அந்த ஆவணத்தைக் கொண்டுதான் நிரூபிக்க வேண்டும். வாசலில் நீங்கள் கொடுத்தது முழுக்க வாய்மொழிச் சாட்சியம். விடைத்தாள் கண்காணிப்பாளர் கையில். மூன்று மணி நேரம் எழுதிக் களைத்த மனம், எழுதியதையும் எழுத நினைத்ததையும் ஒன்றாகக் கலந்துவிடும். அசல் ஆவணமே வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தேர்வருக்கு உரிமை உண்டு என்று 2011இல் சி.பி.எஸ்.இ. தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுமதிப்பீடு வேறு விஷயம். அதற்கு உன் பல்கலைக்கழக விதி இடம் கொடுக்க வேண்டும்.

இப்போதைக்கு அந்த வினாத்தாளின் பின்பக்கத்தில், உனக்கு நினைவிருக்கிற அளவில், பிராப்ளம் கேள்விக்கு நீ எடுத்த விதியையும் பொருத்திய சங்கதிகளையும் நான்கு வரியில் குறித்து வை. உன் நண்பர்களையும் எழுதச் சொல். கடைசித் தாள் முடிந்த மாலையில் அவற்றை ஒன்றாக விரித்து வைத்துக்கொண்டு, முடிவு வரியைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அண்ணன்