போர்டு அப்புறம், கடல் முதல்ல!

கோடை லீவுக்கு பாரிஸ்லேர்ந்து ஓசெகோர் போய் சர்ஃபிங் கத்துக்கணும்னு குதிக்கிற தங்கச்சிங்களுக்கு அக்கா முதல்ல சொல்றது இதுதான்: போய் இறங்கினதும் வெட்சூட்டை மாட்டாதே. மணல்மேட்டுல ஏறி நின்னு, இருபது நிமிஷம் சும்மா கடலைப் பாரு.

பிரான்ஸோட தென்மேற்குல இருக்கிற அந்த லாந்த் கரை முழுக்க மணல். தண்ணிக்கு அடியில இருக்கிற மணல்திட்டுலதான் அலை உடையும். ஒரு புயல் வந்துட்டுப் போனா திட்டு இடம் மாறிடும். போன மாசம் தோழி "இங்கதான் சூப்பர் அலை"ன்னு காட்டின இடத்துல இன்னிக்கு ஒண்ணுமே இருக்காது. போதாததுக்கு, பெரிய ஓதத்துல தண்ணி நாலு மீட்டர் ஏறி இறங்கும். காலையில அழகா உருண்டு வந்த அலை, ஏற்றம் முழுசானதும் கரையிலேயே மடேர்னு விழும். கழுத்தையும் தோளையும் பதம் பார்க்கிறது அந்த அலைதான். அங்கே சர்ஃப் பள்ளிங்க ஓதத்தைப் பார்த்துத்தான் தினமும் கிளாஸ் நேரத்தை மாத்துவாங்க. சலிச்சுக்காதே.

ரொம்ப முக்கியமானது, 'பைன்'. கரையை ஒட்டி, அலையே இல்லாம, சின்னக் குளம் மாதிரி ஒரு பள்ளம் தெரியும். ரெண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவுல மட்டும் கருநீலத்துல ஒரு பாதை. பயந்த சுபாவக்காரங்க நேரா அங்கேதான் போவாங்க! ஓதம் வத்தறப்ப குளத்துத் தண்ணி அந்தப் பாதை வழியாத்தான் கடலுக்குப் பாயும், ஆளையும் சேர்த்து இழுத்துட்டு. மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து நீந்தி மூச்சை வீணாக்காதே. போர்டை விடவே விடாதே, அது மிதக்கும். கையைத் தூக்கி ஆட்டு. இழுப்பு குறைஞ்சதும் பக்கவாட்டுல போய், நுரை உடையற இடத்துலேர்ந்து கரைக்கு வா.

ஓசெகோர்லயே இருக்கிற லா கிராவியேர் கடற்கரைப் பக்கம் வேடிக்கை பார்க்க மட்டும் போ. பக்கத்து ஊர் கப்ரெத்தோன் எதிர்ல கடலுக்கடியில ஆழமான பள்ளத்தாக்கு இருக்கறதால, அலை வேகம் குறையாம வந்து மோதற இடம் அது. உலகச் சாம்பியன்களே போட்டி போட்ட இடம், நமக்கு எதுக்கு? கொஞ்சம் ஒதுக்கமா இருக்கிற லா சுத் கடற்கரை போதும்.

அலை நிலவரம் சொல்ற ஆப்ல உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே. ரெண்டு அலைக்கு நடுவுல எத்தனை செகண்டுன்னும் பாரு. ஒரு மீட்டர் அலைதான், ஆனா பதினாலு செகண்டுன்னா பலம் வேற. வெயில் நாள்ல மதியம் கடல்காத்து கிளம்பி அலையைக் கலைச்சுடும். அதனால காலையிலேயே போயிடு.

ஆகஸ்ட்லகூட வெட்சூட் போட்டுக்கோ, நம்ம ஊர் வெதுவெதுப்பு அந்தத் தண்ணியில கிடைக்காது. போர்டு வாங்காதே. எட்டடி ஃபோம் போர்டு வாடகைக்குக் கிடைக்கும். சிவப்பு-மஞ்சள் கொடிக்கு நடுவுல குளிக்கிறவங்க இருப்பாங்க, அங்கே போர்டோட நுழையாதே. மணல்ல புதைஞ்சிருக்கிற முள்மீன் காலைக் குத்தினா, பொறுக்கிற சூட்டுல வெந்நீர்ல காலை வை.

இருபது நிமிஷம் பார்த்தும் எங்கே இறங்கறதுன்னு புரியலையா? லைஃப்கார்டுகிட்ட "இன்னிக்கு பைன் எங்கே?"ன்னு கேளு, கூச்சப்படாதே. பிரான்ஸ்ல கடல் அவசரத்துக்கு நம்பர் 196. இப்பவே போன்ல போட்டு வெச்சுக்கோ.