தலைவாசலுக்கு ஏற்ற விளக்கு

புதிதாக வீடு கட்டுவோரும் அடுக்ககம் வாங்குவோரும் விளக்குகளுக்கெனத் தொகை ஒதுக்கும்போது, பெரும்பாலும் வரவேற்பறையிலிருந்தே தொடங்குகின்றனர். தொங்குவிளக்கு, பொய்க்கூரைக்குள் ஒளிப்பட்டை, பூசையறைக்குத் தனி விளக்கு என்று பட்டியல் நீளும். தலைவாசலின் முறை வருவதற்குள் ஒதுக்கிய தொகை தீர்ந்துவிடும். மின்பணியாளரிடம் மீந்திருக்கும் ஒரு பல்பு நிலைக்கு மேலே மாட்டப்படும். அத்துடன் வேலை முடிந்துவிடும்.

ஆனால் வீட்டார் அனைவரும் நாள்தோறும் தவறாமல் கடக்கும் இடம் அதுவே. வீட்டின் மற்ற விளக்குகள் உள்ளே இருப்பவர்களுக்கு உதவுகின்றன. வாசல் விளக்கோ வருகிறவருக்கும் கதவைத் திறப்பவருக்கும் ஒருங்கே உதவ வேண்டியிருக்கிறது. எனவே அதன் தேர்வு தனிக் கவனத்திற்கு உரியது.

பெங்களூருவுக்கும் மின்விளக்குக்கும் உள்ள உறவு பழமையானது. காவிரியின் சிவனசமுத்திர அருவியில் 1902-இல் நீர்மின் உற்பத்தி தொடங்கியபோது, அம்மின்சாரம் முதலில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கே சென்றது. பிறகு 1905-இல் பெங்களூருவின் தெருக்களில் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. அவை ஒளிர்ந்தது தெருவை அழகு செய்வதற்கு மட்டுமன்று, வழிநடப்பவரின் காலடிக்காக. வாசல் விளக்கிற்கும் அதே இலக்கணம் பொருந்தும். அது எப்படித் தோன்றுகிறது என்பதைவிட எதைக் காட்டுகிறது என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

விளக்கு காட்ட வேண்டிய மூன்று

வாசல் விளக்கு மூன்றைத் தெளிவாகக் காட்ட வேண்டும்: படியின் விளிம்பு, வந்தவரின் முகம், பூட்டின் துளை.

இவற்றுள் படியே முதன்மையானது. வெளிச்சமான சாலையிலிருந்து இருண்ட வாசலுக்கு வரும் கண், அவ்விருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் வேண்டும். வயது ஏறஏறக் கண்பாவை சுருங்குகிறது, விழிவில்லை மங்குகிறது. அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பேரப்பிள்ளைக்குப் போதுமான வெளிச்சம் பாட்டிக்குப் போதாமற் போவது இதனால்தான். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை, பல வாரப் படுக்கை, பிறர் துணை என்று அதன் தொடர்ச்சி நீளும். அத்தகைய செலவுக்காக வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்னரே முறிக்க வரும் குடும்பங்களைக் கிளைகளில் நாம் காண்கிறோம். ஒரு படி தெரியாமற் போனதன் விலை சில நூறு ரூபாய் அன்று.

அடுத்தது முகம். உள்ளே பளிச்சென்ற வெளிச்சமும் வெளியே இருட்டும் இருந்தால், கதவின் பார்வைத் துளை வழியே நமக்கு எதுவும் தெரியாது. எழுபது வயதைக் கடந்த மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிற்கே சென்று அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளை அறிவுறுத்தியது. அவ்வாறு வருபவராயினும், வேறு எவராயினும், அடையாள அட்டையைப் படித்துப் பார்த்த பின்னரே கதவைத் திறப்பது நலம். அட்டையிலுள்ள நிழற்படத்தையும் எதிரில் நிற்பவரையும் ஒப்பிட முடியாத வெளிச்சத்தில் அந்த எச்சரிக்கைக்குப் பயன் இல்லை. கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் எந்த வெளிச்சத்திலும் எவரிடமும் கூறலாகாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

வாட் அன்று, லூமன்

கடையில் பல்பு கேட்கும்போது இன்னும் நாம் "எத்தனை வாட்?" என்றே கேட்கிறோம். வாட் என்பது பல்பு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் வெளிச்சத்தின் அளவு லூமன். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த ஏறத்தாழ 800 லூமன் வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடுகிறது. நீல நிற எல்.இ.டி.யைக் கண்டறிந்த மூன்று அறிவியலாளர்களுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது, வெண்ணிற எல்.இ.டி. விளக்கிற்கு வழி திறந்தது அக்கண்டுபிடிப்பே. 2015 சனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் நாட்டில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. எனவே இன்றைய கேள்வி எல்.இ.டி. வேண்டுமா என்பதன்று, எந்த எல்.இ.டி. என்பதே.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். நம் வாசற்பகுதி 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்டது என்று கொள்வோம். பரப்பு 4 சதுர மீட்டர். 800 லூமனில் பாதி, விளக்கின் மூடியிலும் சுவரிலும் மறைந்துபோனாலும் 400 லூமன் தரையை அடையும். 400-ஐ 4-ஆல் வகுத்தால் 100 லக்ஸ். படியேறவும் பூட்டுத் திறக்கவும் இது தாராளமாகப் போதும். 30-க்கு 40 அடி மனையில் எழுந்த வீட்டின் பக்கவாட்டு வாசலுக்கு 9 வாட் பல்பு ஒன்றோ, 5 வாட் விளக்குகள் இரண்டோ நிறைவாக இருக்கும். அதற்கு மேற்பட்டது எதிர்வீட்டாரின் கண்ணைக் கூசச் செய்யும்.

ஒளியின் நிறம்

பல்பின் பெட்டியில் 2700, 3000, 4000, 6500 என்ற எண்களுள் ஒன்று 'கே' என்ற எழுத்துடன் அச்சிடப்பட்டிருக்கும். கெல்வின் என்னும் அளவைக் குறிக்கும் இவ்வெண் குறைந்தால் ஒளி மஞ்சள் சாயும். கூடினால் நீலம் சாயும். கடைகளில் மிகுதியாக விற்பது 6500 கெல்வின் வெள்ளை. வாசலுக்கு 2700 முதல் 3000 வரையிலான இளமஞ்சள் ஒளியே ஏற்றது. அது கண்ணை உறுத்துவதில்லை. நீலம் மிகுந்த ஒளியைவிடப் பூச்சிகளையும் குறைவாகவே ஈர்க்கிறது. கோடைமழை பெய்த மாலையில் ஈசல்கள் வாசலில் குவிவதைக் கண்டவர்கள் இதன் அருமையை அறிவர்.

பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற மற்றோர் எண்ணும் இருக்கலாம். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. உச்ச அளவு 100. வாசலுக்கு 80-க்குக் குறையாதது வேண்டும். பொருள் கொண்டு வருபவருக்கு வாசலில் நின்று பணம் கொடுக்கும் வழக்கம் இன்னும் உண்டு. 200 ரூபாய்த் தாள் பளிச்சென்ற மஞ்சள். 20 ரூபாய்த் தாள் பசுமை கலந்த மஞ்சள். தரமற்ற ஒளியில் இவ்விரண்டும் உறவினர்போல் தோன்றும்.

எங்கே பொருத்துவது?

பழைய வீடுகளின் தலைவாசலில் நிலைக்கு இருபுறமும் மாடக்குழிகள் இருக்கும். அந்தி சாயும் வேளையில் அங்கே அகல் வைப்பார்கள். அதன் வெளிச்சம் சிறிதெனினும் இடம் சரியானது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி முகத்தில் நிழல் விழாமல் காட்டும். படியின் விளிம்பையும் பிரித்துக் காட்டும். இன்று நாம் கூரையின் நடுவில் பதிக்கும் விளக்கோ உச்சந்தலையில் விழுந்து கண்குழிகளை இருளாக்குகிறது. வருபவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் அவர் நிழலே பூட்டை மறைக்கும்.

ஆகவே, கதவின் இருபுறமும் ஐந்தரை முதல் ஆறடி உயரத்தில் சுவர்விளக்குகள் அமைவது சிறப்பு. இடம் ஒருபுறமே இருப்பின், கதவின் கைப்பிடி உள்ள பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பூட்டும் முகமும் ஒருங்கே தெரியும். பல்பு நேரே கண்ணில் படாதவாறு பால்நிறக் கண்ணாடி மூடி வேண்டும். படிகள் பல இருப்பின் அவற்றின் பக்கச்சுவரில் சிறு படிவிளக்குகளைப் பதிக்கலாம். வீட்டு எண் பலகையின்மீதும் சிறிது வெளிச்சம் விழட்டும். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தேடுவது அந்த எண்ணைத்தான்.

அடுக்ககங்களில் கதவுக்கு வெளியிலுள்ள நடைவழி பொதுச் சொத்து. அங்கே புதிய விளக்குப் பொருத்துமுன் குடியிருப்போர் சங்கத்தின் இசைவைப் பெறுதல் முறை.

மழையும் மின்பாதுகாப்பும்

வெளிவிளக்கின்மீது ஐ.பி. என்ற எழுத்துகளுடன் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசியைத் தடுக்கும் திறனையும், இரண்டாவது நீரைத் தடுக்கும் திறனையும் குறிக்கும். கூரைக்குக் கீழே சாரல் மட்டும் படும் இடத்திற்கு ஐ.பி. 44 போதும். மழை நேரே அடிக்கும் மதிலுக்கும் வாயிற்கதவுக்கும் ஐ.பி. 65 வேண்டும். அறைக்குள் பயன்படுத்தும் ஐ.பி. 20 விளக்கை விலை குறைவு என்று வெளியே மாட்டுதல் தகாது.

உலோக உடலுள்ள விளக்காயின் நிலத்தொடர்புக் கம்பி கட்டாயம் இணைக்கப்பட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சுவிட்ச், மீட்டர் பெட்டியில் இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பது நன்று. எல்.இ.டி. பல்பில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணும், எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியும் உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும். எஸ்.பி. சாலையின் கடைகளில் ஒரே தோற்றமுள்ள பத்து வகை பல்புகள் அடுக்கியிருக்கும். அவற்றை வேறுபடுத்துவது இச்சிறு குறிகளே. மின்தடை நேரத்திலும் ஒளிர்வதற்காக, வாசல் விளக்கை இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்தல் மறக்கக் கூடாதது.

விலையும் செலவும்

விலை ஒருமுறை கொடுப்பது; செலவு ஆண்டுதோறும் தொடர்வது. கடன் வாங்குமுன் வட்டியைக் கணக்கிடுவதுபோல, விளக்கு வாங்குமுன் அதன் இயக்கச் செலவைக் கணக்கிட வேண்டும். எளிமைக்காக ஒரு யூனிட் மின்சாரம் ரூ. 7 என்று கொள்வோம்.

மாலை 6 முதல் இரவு 11 வரை நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரியும் 60 வாட் பல்பு, ஆண்டுக்கு 109.5 யூனிட் உண்ணும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. 16.4 யூனிட்டே உண்ணும். மிச்சம் 93 யூனிட், ஏறத்தாழ ரூ. 650. குண்டு பல்பின் ஆயுள் சுமார் 1,000 மணி நேரமாதலால் ஆண்டுக்கு இரு பல்புகள் மாற்ற வேண்டியிருக்கும். 15,000 மணி நேர ஆயுள் குறிக்கப்பட்ட எல்.இ.டி., கணக்குப்படி எட்டு ஆண்டுகள் உழைக்கும்.

2023 முதல் கர்நாடகத்தில் நடைமுறையிலுள்ள கிருஹ ஜோதி திட்டத்தில் பயன்பெறுவோர், தமக்குக் கட்டணமே இல்லை என்று இக்கணக்கைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. மாதப் பயன்பாடு 200 யூனிட்டைத் தாண்டினால் அம்மாதத்தின் முழுக் கட்டணத்தையும் செலுத்த நேரிடும். எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு மாதம் ஏழெட்டு யூனிட் மிச்சமாவது சிறிதன்று.

இரவு முழுதும் விளக்கு எரிய வேண்டும் என்போர் அசைவுணரி பொருத்தலாம். 12 மணி நேரம் எரியும் 9 வாட் விளக்கிற்கு ஆண்டுக்கு 39.4 யூனிட் ஆகும். ஆள் வரும்போது மட்டும், நாளுக்கு மொத்தம் ஒரு மணி நேரம் எரிந்தால் 3.3 யூனிட்; உணரி தனக்கென எடுக்கும் அரை வாட்டிற்கு 4.4 யூனிட், ஆக 7.7 யூனிட். மிச்சம் சுமார் 32 யூனிட், அதாவது ரூ. 222. உணரிக்காகக் கூடுதலாக ரூ. 400 கொடுத்தாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் அத்தொகை திரும்பிவிடும்.

மேலும் ஒன்று. பல்பைத் தனியே கழற்ற இயலாதவாறு மூடிய அலங்கார விளக்குகள் இன்று மிகுதி. உள்ளிருக்கும் எல்.இ.டி. பழுதானால் நாலாயிரம் ரூபாய் விளக்கு முழுவதையும் எறிய நேரிடலாம். பல்பை மாற்றக்கூடிய பிடிப்பான் உள்ள விளக்கில், நூறு இருநூறு ரூபாயில் வேலை முடியும்.

கடைக்குப் போகுமுன் ஒரு பயிற்சி

இன்று இருட்டிய பின், வீட்டின் மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு தெருவிலிருந்து வாசல் வரை நடந்து பார்ப்போம். எந்தப் படியில் அவர் கால் தயங்குகிறது, பூட்டைத் திறக்கும்போது யார் நிழல் அதன்மீது விழுகிறது, உள்ளே நின்று துளை வழியே பார்த்தால் வெளியே நிற்பவரின் கண்கள் தெரிகின்றனவா என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வோம். வாசலின் நீள அகலங்களையும் அளந்து எழுதுவோம். அத்தாளுடன் கடைக்குச் சென்றால், கடைக்காரர் காட்டுவதை வாங்க வேண்டியிராது. நமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கலாம்.