இழையின் வலிமையும் மெலிந்த இடமும்

பாவில் ஓர் இழை அறுந்தால், அஃது எங்கே அறுகிறது? முறுக்குக் குறைந்தோ, மெலிந்தோ கிடந்த ஓரிடத்தில்தான் அறுகிறது. இதனை நெசவாளர் யாவரும் அறிவர். விமான எஞ்சின்களில் பயன்படும் பீங்கான் இழைகளுக்கும் இதுவே விதி. அதனை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பீங்கான் இழை

பீங்கான் கடும் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் தட்டினால் உடையும். 1975-ஆம் ஆண்டில் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் யாஜிமா, சிலிக்கனும் கரியும் அடங்கிய ஒருவகைப் பிசினை நூலாக இழுத்து, உலையில் சுட்டு, சிலிக்கன் கார்பைடு இழையை உண்டாக்கினார். இவ்வகை இழை தலைமயிரினும் மிக மெல்லியது. ஆயினும் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ பாரத்தைத் தாங்கும். சாதாரண மென்னெஃகோ 40, 50 கிலோவிலேயே அறுந்துவிடும்.

மெல்லியது வலியதாவது எவ்வாறு? பீங்கானுக்கு உறவான கண்ணாடியைக் கொண்டு இதற்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் கிரிஃபித். 1921-இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள கண்ணாடி சதுர அங்குலத்துக்கு 24,900 பவுண்டில் முறிந்தது. அதனினும் 300 மடங்கு மெல்லிய இழையோ 4,91,000 பவுண்டு வரை தாங்கிற்று. கண்ணாடியை முறிப்பவை கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள்; மெல்லிய இழையில் பெருங்கீறலுக்கு இடமில்லை என்பதே காரணம்.

நூலிலிருந்து பிறந்த அறிவு

1926-இல் பியர்ஸ் என்ற அறிஞர் பருத்தி நூலை ஆராய்ந்து, நீளம் கூடக்கூட மெலிந்த இடம் அகப்படும் வாய்ப்பும் கூடும் என்று விளக்கினார். ஆதலின் நெடிய இழை, குறுகிய இழையைவிடக் குறைந்த பாரத்தில் அறும். 1945-இல், கம்பளித் தொழில் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த டேனியல்ஸ் இழைக்கற்றையை ஆராய்ந்தார். மெலிந்தவை முதலில் அறும். அவற்றின் பாரம் எஞ்சியவற்றின்மேல் விழும். ஆகவே கற்றையின் வலிமை, தனி இழைகளின் சராசரியை எண்ணிக்கையால் பெருக்கி வரும் தொகையினும் குறைவேயாம். பீங்கான் இழைகளை ஆராய்வோர் இவ்விரு கருத்துக்களையும் கையாளுகின்றனர்.

இழைகளைப் பீங்கானுக்குள்ளேயே புதைத்துக் கலப்புப்பொருள் செய்யும்போது, இழையின்மீது போரான் நைட்ரைடு போன்ற மெல்லிய பூச்சு இடுவர். இழை இறுகப் பிணைந்திருந்தால் விரிசல் அதனையும் பிளந்து செல்லும். பூச்சு சற்றே நெகிழ்ந்து கொடுத்தால், விரிசல் இழையோரமாகத் திரும்பி வலுவிழக்கும். இத்தகைய பொருள் 2016 முதல் பயணிகள் விமான எஞ்சின்களில் பயன்படுகிறது. இவ்விழைகளை நெய்யும்போது உராய்வினால் கீறல் விழாதபடி பசையும் பூசுவர். நாம் பாவுக்குக் கஞ்சி போடுவதும் அதற்காகவே அன்றோ!

நமக்குரிய படிப்பினை

இரண்டு கட்டு நூல் வந்திருப்பதாகக் கொள்வோம். இரண்டின் சராசரி வலிமையும் 100. முதற் கட்டின் மாதிரிகள் 95 முதல் 105 வரையும், இரண்டாவதன் மாதிரிகள் 60 முதல் 140 வரையும் நிற்கின்றன. சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே விலை. ஆனால் இரண்டாவது கட்டைப் பெற்ற நெசவாளர் இழை முடிந்தே பொழுதைப் போக்குவார். கூலியோ நெய்த அளவுக்குத்தான். சங்கம் செய்த பிழைக்கு அவர் குடும்பம் ஈடு கொடுக்கிறது.

ஆதலின் நூல் இருப்பேட்டில் சராசரிக்கு அருகே, சோதனையில் கண்ட மிகக் குறைந்த அளவையும் எழுதுதல் வேண்டும். கொள்முதல் குழுவினர் அதனைப் பார்த்தே விலை பேசுதல் வேண்டும். பருத்தி விளைவிக்கும் அங்கத்தினரும் முற்றாத காயின் பஞ்சையும், புழு அரித்த காயின் பஞ்சையும் நல்ல பஞ்சோடு கலவாது பிரித்து வைத்தல் வேண்டும். அங்கே கலந்த சிறு மெலிவு, பின்னர் ஒருவர் தறியில் அறுந்த இழையாக வெளிப்படும்.