அலர்ட் யார் கையில் போய்ச் சேர வேண்டும்?

வெளியிலிருந்து வரும் பாதுகாப்பு எச்சரிக்கை பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான். உங்கள் ஐபி முகவரி, ஒரு நேரம், ஒரு போர்ட் எண், தொற்றின் பெயர். ஷேடோசர்வர் அறக்கட்டளை இலவசமாகத் தினமும் அனுப்பும் அறிக்கையில் அந்த வரி இருக்கும். இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அனுப்பும் மெயிலில் இருக்கும். இணைய இணைப்பு தரும் நிறுவனம் தனக்கு வந்த புகாரை அப்படியே நமக்குத் தள்ளிவிட்டதாகவும் இருக்கலாம். அனுப்புகிறவருக்கு நம் வீட்டின் வாசல் மட்டும் தெரியும். உள்ளே எந்த அறையில் கோளாறு என்று தேட வேண்டியவர்கள் நாம்தான்.

இந்த அலர்ட்டுகளை வாங்கிக் கையாள ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரவு இரண்டு மணிக்கு உங்கள் அலுவலகத்தில் ஒரு கணினியை நெட்வொர்க்கிலிருந்து கழற்ற யாருக்கு அதிகாரம் இருக்கிறது? அந்த ஆள் யார் என்று தெரிந்த பிறகு, அவர் கைக்கு அலர்ட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியைத் தேடலாம்.

எந்த வழியாக இருந்தாலும் முதலில் சரிசெய்ய வேண்டியது நேரம். கோவையில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. அலர்ட்டில் 21:14 என்று இருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஃபயர்வால் லாகில் இரவு 9:14-ஐத் தேடினார். அந்த நிமிடத்தில் கணக்குப் பிரிவு லேப்டாப் ஒன்று இணையத்தில் இருந்தது. அடுத்த நாள் அதை ஃபார்மட் செய்துவிட்டோம். அதில் மூன்று மாத வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு ஷீட்டுகள் இருந்தன. “நான் எதையும் கிளிக் பண்ணலீங்க சார்” என்று அதைப் பயன்படுத்திய அக்கா இரண்டு முறை சொன்னார். மூன்று வாரம் கழித்து அதே அலர்ட் மறுபடி வந்தபோதுதான் நேரத்துக்குப் பக்கத்தில் இருந்த யூடிசி (உலகப் பொது நேரம்) என்ற மூன்று எழுத்து என் கண்ணில் பட்டது. இந்திய நேரம் கிடைக்க அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 21:14 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 2:44. அந்த நேரத்தில் அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்தது கேமரா டிவிஆர் பெட்டி மட்டும்தான். தொற்று அதில் இருந்தது. ஒப்புதல் கொடுத்தவன் நான் என்பதால் அந்த அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

போர்ட் எண்ணும் இதேபோலத்தான். அலுவலகத்தில் இருநூறு கணினிகள் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே ஐபி. எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் வெளியே போனது என்று பதியும் ஃபயர்வாலின் நேட் லாகில் நேரத்தோடு சோர்ஸ் போர்ட்டையும் சேர்த்துத் தேடினால்தான் சரியான பெட்டி கிடைக்கும். நேட் லாக் வைக்காத அலுவலகத்தால், எவ்வளவு விலையுயர்ந்த அலர்ட் சேவையை வாங்கினாலும் குற்றவாளிப் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியாது. பணம் செலவழிக்கும் முன் லாகைச் சரிசெய்யுங்கள்.

சட்டமும் இதில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, அதன் பட்டியலில் உள்ள சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நாமாகக் கவனித்த நேரத்திலிருந்தோ, பிறர் நம் கவனத்துக்குக் கொண்டுவந்த நேரத்திலிருந்தோ அந்தக் கெடு ஓடத் தொடங்கும். ஆகவே யாரும் திறக்காத பெட்டியில் தூங்கும் அலர்ட் மெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 180 நாள் லாகை இந்தியாவுக்குள் வைத்திருக்கச் சொல்வதும் இதே உத்தரவுதான்.

இனி வழிகள். பத்து இருபது பேர் இருக்கும் அலுவலகம், வாரத்துக்கு இரண்டு மூன்று அலர்ட் என்றால் மெயில் பெட்டியே போதும். ஆனால் அது ஆளின் பெயரில் இருக்கக் கூடாது. ‘அப்யூஸ்’, ‘செக்யூரிட்டி’ என்ற பெயர்களில் பொது முகவரி வைக்கும் வழக்கம் 1997-இலேயே இணையத் தர ஆவணமாக எழுதப்பட்டுவிட்டது. வெளியில் இருப்பவர்கள் முதலில் அங்கேதான் எழுதுவார்கள். அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு டொமைனுக்குத் தானாக ஃபார்வர்ட் போட்டிருந்தால் கவனம் தேவை. ஃபார்வர்ட் ஆன மெயிலை அனுப்புவது உங்கள் சர்வர் என்பதால், மூல அனுப்புநரைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை தோற்றுப்போகும். நடுவில் ஏதாவது கேட்வே சப்ஜெக்டில் ‘வெளி மெயில்’ என்று முத்திரை சேர்த்தால் மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பமும் உடைந்துவிடும். பிறகு அந்த மெயில் பெரும்பாலும் ஸ்பாமில்தான் கிடக்கும். முடிந்தவரை கடைசியாகப் படிக்கப்போகும் முகவரியையே நேரடியாகக் கொடுங்கள்.

பெரிய நிறுவனத்தில் மெயில் பட்டியலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் உதாரணம். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளின் ஓட்டையைப் பற்றி அமெரிக்க அரசின் எச்சரிக்கை 2017 மார்ச் 8-இல் வந்தது. மறுநாளே நிறுவனத்துக்குள் 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு அதை அனுப்பி, 48 மணி நேரத்தில் சரிசெய்யச் சொன்னார்கள். அந்தப் பட்டியல் பழையது. ஓட்டையை அடைக்க வேண்டியவருக்கு மெயில் போய்ச் சேரவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை இருந்தார்கள். சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் போயின.

வாட்ஸாப் குழுவோ வேறு சாட் சேனலோ வேகமானது. ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆளை எழுப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கசிந்த பாஸ்வேர்டையும் வாடிக்கையாளர் விவரத்தையும் அங்கே ஒட்டாதீர்கள்.

ஐம்பது பேர் முதல் ஐந்நூறு பேர் வரை உள்ள பெரும்பாலான அலுவலகங்களுக்கு நான் சொல்வது டிக்கெட் முறை. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு பெயர், ஒரு கெடு. ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் ஏற்கெனவே இருந்தால் அதிலேயே தனி வரிசை ஒன்று திறந்தால் போதும், புதிதாக வாங்க வேண்டாம். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்ற புகாரோடு இதைக் கலக்காதீர்கள். மூல மெயிலை ஒரு எழுத்தும் மாற்றாமல் இணையுங்கள், முதல் வரியில் இந்திய நேரத்தை எழுதுங்கள். ஷேடோசர்வர் போன்ற அறிக்கைகள் சிக்கல் தீரும்வரை தினமும் வரும். நாளுக்கொரு டிக்கெட் திறந்தால் ஒரு மாதத்தில் ஆட்கள் பார்க்காமலே மூடத் தொடங்கிவிடுவார்கள். ஐபியும் தொற்றின் பெயரும் ஒன்றாக இருந்தால் பழைய டிக்கெட்டிலேயே சேரும்படி விதி போடுங்கள். மூடும்போது எந்தப் பெட்டி, என்ன செய்தோம், மறுநாள் அறிக்கையில் அந்த ஐபி வரவில்லையா என்று மூன்றும் எழுதினால்தான் மூட விடுங்கள். டிவிஆர் கதைக்குப் பிறகு நாங்கள் கடைசிக் கேள்வியைக் கட்டாயமாக்கினோம்.

சீம் எனப்படும் லாக் திரட்டும் மென்பொருளுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். வெளி அலர்ட்டைச் சேமித்து வைக்க மட்டும் அது வேண்டாம். ஃபயர்வால், சர்வர், மெயில் லாகுகள் ஏற்கெனவே ஓரிடத்தில் சேர்கின்றன என்றால் மட்டும் போங்கள். அப்போது அலர்ட் வந்ததும் உள் லாகோடு பொருத்திப் பார்ப்பது நிமிடங்களில் முடியும். வாசூ போன்ற இலவச மென்பொருள் உண்டு. ஆனால் அதைத் தினமும் பராமரிக்கும் ஆளின் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருபத்து நான்கு மணி நேரமும் பார்க்க உங்களிடம் ஆள் இல்லை, போகக்கூடிய தரவோ பெரியது என்றால் வெளிக் கண்காணிப்புக் குழுவை அமர்த்தலாம். இங்கே அமெரிக்காவின் டார்கெட் கடைகளுக்கு நடந்ததை நினைவில் வையுங்கள். 2013 நவம்பர் 30-இல் அவர்களின் ஃபயர்ஐ பாதுகாப்புக் கருவி எச்சரித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்பாளர்கள் அதைப் பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தார்கள் என்று செய்திகள் வந்தன. அங்கே யாரும் கை வைக்கவில்லை. டிசம்பர் 12-இல் அமெரிக்க நீதித்துறை தெரிவித்த பிறகுதான் நிறுவனம் விழித்துக்கொண்டது. 4 கோடி கார்டுகளின் எண்கள் போயின. பெங்களூரில் இருந்தவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஆனால் பெட்டியைக் கழற்ற யாரும் முன்வரவில்லை. ஆகவே ஒப்பந்தம் போடும்போது விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: எந்தெந்தக் கணினியை எங்களைக் கேட்காமலே நீங்கள் துண்டிக்கலாம்? பட்டியலை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

கடைசி வழி, அலர்ட்டில் வரும் முகவரியைத் தானாகவே தடுப்பது. இது உள்ளிருந்து வெளியே போகும் தொடர்புக்கு நல்லது. வெளியிலிருந்து வரும் ஐபிக்கு அதைப் போடும்போது நிதானம் வேண்டும். நம் மொபைல் நெட்வொர்க்குகளில் ஒரே ஐபிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள். ஒருவருக்காகப் பூட்டிய கதவில் உங்கள் வாடிக்கையாளர்களும் நிற்பார்கள். சில மணி நேரத்தில் தானாக விலகும் தடையாகப் போடுங்கள்.

செர்ட்-இன் பெயரிலேயே போலி மெயில்களும் வருகின்றன. அலர்ட்டில் இருக்கும் லிங்கையும் இணைப்பையும் தொடாமல், ஐபியையும் நேரத்தையும் மட்டும் எடுத்து உங்கள் லாகில் தேடச் சொல்லிக் கொடுங்கள். உண்மையான அலர்ட்டுக்கு அங்கே ஒரு வரியாவது பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அனுப்பியதாகச் சொல்லும் அமைப்பிடம், அவர்களின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்.

தேர்ந்தெடுத்த வழியை ஒரு சனிக்கிழமை இரவு சோதித்துப் பாருங்கள். இணையத்துக்குப் போய்வரும் ஒரு பெட்டியை மனதில் வைத்து, உங்கள் வெளி ஐபியையும் போர்ட்டையும், அது பேசிய நேரத்தை யூடிசியிலும் எழுதி, வெளி முகவரியிலிருந்து ஒரு சோதனை அலர்ட் அனுப்புங்கள். மேலதிகாரி ஒருவருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். முதல் போன் எத்தனை மணிக்கு வருகிறது, பேசுகிறவர் எந்தப் பெட்டியின் பெயரைச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.