விரல் பட்டால் திரும்பும் பாயிண்ட்

மாடல் ரயிலில் பாயிண்டை, அதாவது ரயில் தடம் மாறும் இடத்தைத் திருப்ப டாகிள் ஸ்விட்ச், புஷ் பட்டன், லீவர் என்று பல வழிகள் உண்டு. என் பேனலில் இவை எதுவும் இல்லை. ஸ்டேஷனின் வரைபடம் மட்டும்தான் இருக்கிறது. அதில் பாயிண்ட் இருக்கும் இடத்தில் விரலை வைத்தால், மேஜைமேல் உள்ள தண்டவாளத்தில் அந்தப் பாயிண்ட் திரும்பும். பெங்களூரில் கிடைக்கும் சாமான்களை வைத்தே இந்தத் தொடு பேனலைச் செய்து, பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்டேன். இதில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நான் அமைத்திருப்பது பங்காரப்பேட்டை ஜங்ஷன். சென்னை மெயின் லைனிலிருந்து கோரமண்டல், உரிகம், சாம்பியன் வழியாக மாரிக்குப்பம் போகும் கிளைப் பாதை அங்கேதான் பிரிகிறது. தங்கவயலில் இருந்த தங்கச் சுரங்கத்துக்காக 1894இல் போட்ட பாதை அது. சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். ஆனால் தங்கவயல் தமிழர்கள் இன்றும் விடியற்காலையில் அந்த ரயிலைப் பிடித்துத்தான் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். சுவிட்சர்லாந்து மலை ரயிலைக் கட்டுவதைவிட இதைக் கட்டுவதில் எனக்கு மனம் நிறைகிறது. அளவு எச்.ஓ., அதாவது அசலில் 87இல் ஒரு பங்கு. நம் அகலப் பாதையின் 1,676 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேலே வரும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ.தான். அந்தக் குறையோடுதான் இந்தியாவில் பெரும்பாலோர் ஓட்டுகிறோம்.

டாகிள் ஸ்விட்சைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெங்களூரில் எந்தத் தெருவிலும் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சிமென்ட் தூசி ஸ்விட்சுக்குள் புகுந்து, மழைக்கால ஈரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் கான்டாக்ட் கறுத்துவிடும். தொடு பேனலில் அசையும் பாகமும் இல்லை, ஓட்டையும் இல்லை.

இதற்கு நான் வாங்கியது டி.டி.பி. 223 என்ற சின்ன மாட்யூல். எஸ்.பி. ரோட்டில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். விரல் அருகில் வரும்போது செம்புப் பரப்பின் மின்தேக்கும் அளவு கொஞ்சம் கூடும். அதைக் கண்டுபிடித்து இது சமிக்ஞை கொடுக்கும். 2 முதல் 5.5 வோல்ட் வரை போதும். ஆனால் இதனிடமிருந்து வருவது சில மில்லி ஆம்பியர் மட்டுமே. மோட்டாரையோ சொலினாய்டையோ நேரடியாக இதில் கட்டக்கூடாது. நடுவில் ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு ஒன்று இருக்கட்டும். சொலினாய்டு வகை பாயிண்ட் மோட்டார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் சுருளுக்கு ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் கரண்ட் போனால் போதும், விரல் அதைவிட அதிக நேரம் பேனலில் நிற்கும். அதனால் விரல் எவ்வளவு நேரம் இருந்தாலும் துடிப்பு ஒன்றுதான் என்று புரோகிராமில் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் சுருள் எரியும். நான் எஸ்.ஜி. 90 சர்வோ மோட்டார் பயன்படுத்துகிறேன். 9 கிராம் எடைதான், விலையும் குறைவு, பாயிண்ட் மெதுவாக நகர்வது அசலைப் போலவே இருக்கும்.

பேனல் செய்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வரைபடத்தைத் தாளில் அச்சடித்து, மேலே 2 அல்லது 3 மி.மீ. அக்ரிலிக் வையுங்கள். தாளுக்குக் கீழே, ஒவ்வொரு பாயிண்டுக்கும் நேராக ஐந்து ரூபாய் நாணயத்தை விடச் சற்றுச் சிறிய வட்டமாகக் காப்பர் டேப்பை வெட்டி ஒட்டுங்கள். அக்ரிலிக், தாள், செம்பு மூன்றுக்கும் இடையில் காற்று புகக்கூடாது. நூலளவு காற்று இடைவெளி இருந்தாலும் உணர்திறன் குறைந்துவிடும். ஓரத்தில் மட்டும் ஸ்க்ரூ போட்டு நடுவை விட்டுவிட்டால், கோடையில் அக்ரிலிக் லேசாக வளைந்து நடுவில் உள்ள பாயிண்டுகள் மட்டும் மந்தமாகும். பரப்பு முழுக்க டபுள் சைடு டேப் போட்டு, மூலையிலிருந்து விரலால் அழுத்திக்கொண்டே வருவது நல்லது. வெள்ளிப் பெயின்டு, உலோக ஸ்டிக்கர் எதுவும் மேலே வேண்டாம். பக்கத்துப் பக்கத்து வட்டங்களுக்கு நடுவே ஒரு விரல் அகலமாவது விடுங்கள்.

மாட்யூலைச் செம்பு வட்டத்துக்கு அடியிலேயே பொருத்துவது முக்கியம். வட்டத்திலிருந்து மாட்யூலுக்கு ஒரு முழ ஒயர் இழுத்தால் அந்த ஒயரே விரலை உணரத் தொடங்கும், பக்கத்து சர்வோ ஒயரின் மின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். மாட்யூலிலிருந்து ஆர்டுயினோவுக்குப் போகும் ஒயர் சற்று நீளமாக இருந்தாலும் பாதகமில்லை. உணர்திறன் அதிகமாகி, விரல் வரும் முன்பே பாயிண்ட் திரும்பினால், மாட்யூலில் அதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் சிறிய கெபாசிட்டர் ஒன்றைச் சாலிடர் செய்யலாம். 50 பிகோ ஃபாரட் வரை போடலாம்; கூடக்கூட உணர்திறன் குறையும்.

இந்த மாட்யூலில் ஏ, பி என்று இரண்டு சாலிடர் புள்ளிகள் இருக்கும். பியை இணைத்தால் ஒருமுறை தொட்டால் ஆன், மறுமுறை தொட்டால் ஆஃப் என்று தானாகவே மாறும். பாயிண்டுக்கு இதுதான் சரி என்று கடையிலும் சொல்வார்கள். வேண்டாம். கரண்ட் போய் வந்தால் மாட்யூலுக்குப் பழைய நிலை நினைவிருக்காது. பேனல் ஒன்றைக் காட்டும், தண்டவாளம் வேறொன்றாக இருக்கும். பியை விட்டுவிட்டு, தொடுவதை வெறும் கட்டளையாக மட்டும் எடுத்துக்கொண்டு, பாயிண்டின் நிலையை ஆர்டுயினோவின் நிரந்தர நினைவகத்தில் எழுதிவைப்பதே சரி. கரண்ட் வந்ததும் அரை நொடிக்குப் பேனலைத் தொடாதீர்கள், மாட்யூல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது.

மலிவான மொபைல் சார்ஜரில் பேனலை ஓட்டினால் பாயிண்டுகள் தாமாகவே ஆடும். எர்த் உள்ள நல்ல அடாப்டர் வாங்குங்கள். சர்வோக்களுக்குத் தனி 5 வோல்ட் லைன், அதன் குறுக்கே 1,000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். சர்வோக்கள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நகர வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் வோல்டேஜ் விழுந்து ஆர்டுயினோ மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும்.

பேனல் பாதி முடிந்திருந்தபோது, எங்கள் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் பார்க்க வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவந்து, “தம்பி, இதுல எஸ்.எம். சாவி எங்கே?” என்றார்.

“சாவி வைக்கலைங்க சார்.”

“அப்போ பூனை ஏறி நடந்தாலும் பாயிண்ட் திரும்புமே.”

தொடு பேனலைப் பற்றி இதைவிட முக்கியமான விஷயம் இல்லை. ஸ்விட்சை அழுத்தக் கொஞ்சம் பலம் வேண்டும், அந்தப் பலமே ஒரு பாதுகாப்பு. தொடு பேனலில் அது கிடையாது. துணியால் துடைத்தாலும், காபி சிந்தினாலும், முழங்கை பட்டாலும் கட்டளைதான். இதற்கு நம் ரயில்வேயே வழி வைத்திருக்கிறது. ஸ்டேஷன் பேனலில் மாஸ்டரின் சாவி இல்லாமல் பட்டன்கள் வேலை செய்யாது. சாவி இருந்தாலும், பாயிண்டுக்கான பட்டனையும் குரூப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால்தான் பாயிண்ட் நகரும். தவறிப்போய் ஒரு பட்டன் அழுந்தினால் ஒன்றும் ஆகாது. அதையே நானும் எடுத்துக்கொண்டேன். பேனலின் இடது ஓரத்தில் நேர், கிளை என்று இரண்டு தொடு பட்டைகள். இடது கை விரலை ஒன்றில் வைத்துக்கொண்டு, வலது கை விரலால் பாயிண்டைத் தொட வேண்டும். சாவிக்கு எஸ்.பி. ரோட்டிலேயே கீ ஸ்விட்ச் கிடைத்தது. துடைக்கும்போது சாவியை எடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது பாடமும் ரயில்வேயிடமிருந்தே. பேனலில் எரியும் விளக்கு, நாம் கொடுத்த கட்டளையைக் காட்டக்கூடாது. பாயிண்ட் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதைக் காட்ட வேண்டும். 2023 ஜூன் 2ஆம் தேதி ஒடிசாவின் பஹநாகா பஜார் ஸ்டேஷனில் மெயின் லைனுக்குப் பச்சை எரிந்தது, பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெங்களூரிலிருந்து ஹவுரா போய்க்கொண்டிருந்த ரயிலும் அதில் சிக்கியது. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்ற வேலைகளில் இருந்த குறைகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணையில் தெரிந்தது. மாடல் ரயிலில் யாருக்கும் காயம் ஆகாது என்பதற்காக இந்த ஒழுங்கைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொரு பாயிண்டும் நகர்ந்து நிற்கும் இரு முனைகளிலும் தலா ஒரு மைக்ரோ ஸ்விட்ச். பாயிண்ட் நகரும்போது எல்.இ.டி. மினுக்கும், முனையைச் சேர்ந்த பிறகே நிலையாக எரியும். ஒரு ஜல்லிக் கல் இடையில் மாட்டிக்கொண்டால் மினுக்குவது நிற்காது. பாயிண்ட்மேல் ரயில் நிற்கும்போது அது நகராமல் இருக்க, தண்டவாளத்துக்கு நடுவே அகச்சிவப்பு சென்சாரும் வைத்திருக்கிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை பெங்களூர்க் காற்று வறண்டு கிடக்கும். பாலியஸ்டர் சட்டையோடு வந்து பேனலைத் தொட்டால் சுளீரென்று ஒரு பொறி பறந்து மாட்யூலைக் கொல்லலாம். பேனல் ஓரத்தில் எர்த் செய்த உலோகப் பட்டை ஒன்றைப் பதித்து, முதலில் அதைத் தொடப் பழகிக்கொள்ளுங்கள்.

புதிதாகச் செய்கிறவர்கள் முழு ஸ்டேஷனுக்கும் அக்ரிலிக் வெட்டக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாயிண்டுக்கு மாட்யூல், சர்வோ, இரண்டு மைக்ரோ ஸ்விட்ச், குரூப் பட்டை, சாவி எல்லாவற்றையும் முழுதாகச் செய்து, ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் ஓட்டிப் பாருங்கள். அது தவறாமல் ஓடினால் மற்றவற்றைத் தொடங்குங்கள்.