தனியாக எஸ்டோனியா போகலாமா?

கேள்வி: அத்திப்பட்டில் குடியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு முறையாவது தனியாக வெளிநாடு போய்வர ஆசை. பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று எல்லோரும் போகும் இடம் வேண்டாம், எஸ்டோனியா பார்க்க வேண்டும் என்கிறேன். ‘அது எங்கே இருக்கிறது, அங்கே போய் என்ன பார்க்கப் போகிறாய்’ என்று வீட்டில் கேட்கிறார்கள். என் பயம் வேறு. இதுவரை விமானமே ஏறியதில்லை. இமிகிரேஷனில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது? மொழி தெரியாத ஊரில் முதல் நாளை எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, அத்திப்பட்டு

பதில்: தாராளமாகப் போகலாம். முதலில் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பால்டிக் கடலோரம், பின்லாந்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது எஸ்டோனியா. மக்கள்தொகை 14 லட்சத்துக்குள். உங்கள் திருவள்ளூர் மாவட்டத்தைவிடக் குறைவு. சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக இருந்து 1991 ஆகஸ்டில் மீண்டும் சுதந்திரம் பெற்ற நாடு. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, 2007-இல் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர முடிகிற ஷெங்கன் பகுதிக்குள் வந்தது, 2011-லிருந்து யூரோ நாணயம். தலைநகர் தாலினின் பழைய நகரம் 1997 முதல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம். ஊர் அமைதியானது, கூட்டம் குறைவு. தனியாகப் போகும் பெண்ணுக்கு முதல் பயணமாக நான் தயங்காமல் சொல்லும் நாடுகளில் இது ஒன்று.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். விசா கையில் இருந்தாலும் உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது எல்லையில் இருக்கும் அதிகாரிதான். அவர் கேட்பது நான்கே விஷயம்: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், செலவுக்குப் பணம் இருக்கிறதா. உங்கள் வாய் சொல்வதும் கையில் இருக்கும் காகிதங்கள் சொல்வதும் ஒன்றாக இருந்தால் அந்தக் கவுன்ட்டரில் பயப்பட ஒன்றுமே இல்லை. தகராறு எங்கே வருகிறது தெரியுமா? விசா வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட், நீங்கள் தங்கவே போகாத ஹோட்டலுக்கும் ஏறவே போகாத விமானத்துக்கும் போலி புக்கிங் வைத்து ஃபைலைத் தயாரிக்கும்போதுதான். அதிகாரி அந்த ஹோட்டல் பெயரைக் கேட்பார், உங்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே உங்கள் விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். எஸ்டோனியத் தூதரகம் டெல்லியில் இருக்கிறது. விண்ணப்பத்தை எந்த மையத்தில் கொடுப்பது என்பதைத் தூதரகத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: திரும்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, போகவர டிக்கெட் விவரம், தங்குமிட புக்கிங், பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள ஸ்லிப், கம்பெனி தரும் லீவு கடிதம். உங்கள் விஷயத்தில் இந்த லீவு கடிதத்துக்கு மதிப்பு அதிகம். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறையக் கூடாது. முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு, சில சமயம் 45 நாள் வரை போகும். இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

முதல் தடவை போகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து தாலினுக்கு நேரடி விமானம் கிடையாது. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போய் அங்கே மாறுகிறீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு இமிகிரேஷன் நடப்பது தாலினில் அல்ல, ஃபிராங்க்ஃபர்ட்டில். ஷெங்கன் பகுதிக்குள் முதலில் கால் வைக்கும் விமான நிலையத்தில்தான் சோதனை. அங்கிருந்து தாலின் போவது சென்னையிலிருந்து மதுரை போவது மாதிரி. இறங்கினால் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். தோஹா வழியாக ஹெல்சிங்கி போனால் சோதனை ஹெல்சிங்கியில். ஜெர்மன் அதிகாரி ‘எஸ்டோனியா விசா வைத்துக்கொண்டு இங்கே ஏன் வந்தீர்கள்’ என்று கேட்டால் பதற வேண்டாம். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விசா வாங்குவதே விதி. தாலினுக்குப் போகும் அடுத்த டிக்கெட்டைக் காட்டுங்கள், போதும். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் புதிய பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் முறை நுழைபவரின் முகத்தைப் படம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள், விசாவுக்குக் கொடுத்த கைரேகையைச் சரிபார்க்கிறார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் வரிசை நீளும். அதனால் விமானம் மாறும் இடத்தில் குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கும்படி டிக்கெட் எடுங்கள்.

ஐரோப்பா போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல் கிளம்புபவை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மணலிச் சாலையில் கார் மாட்டிக்கொள்ளும் அவஸ்தை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாலையிலேயே அத்திப்பட்டில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் வந்து, மெட்ரோவில் விமான நிலையம் போய்விடுங்கள். காத்திருப்பது பரவாயில்லை, தவறவிட்டால்தான் கஷ்டம்.

தாலினில் பகல் வெளிச்சத்தில் இறங்கும்படி திட்டமிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். ஜூன் கடைசியில் இரவு பதினொரு மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். ஆனால் ஜூன் 23, 24 இரண்டும் அங்கே பெரிய விடுமுறை. ஊரே கிராமப்புறத்துக்குக் கிளம்பிவிடும், பல கடைகள் மூடியிருக்கும். அந்த நாட்களில் போய் இறங்காதீர்கள்.

விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர்தான். உள்ளே இலவச வைஃபை உண்டு. வெளியே வருவதற்கு முன் மூன்று வேலைகளை முடியுங்கள்: வீட்டுக்கு ‘வந்து சேர்ந்தேன்’ என்று ஒரு மெசேஜ், போனில் இணையம் வேலை செய்கிறதா என்ற சோதனை, தங்குமிட முகவரியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது. பிறகு பஸ்ஸோ டிராமோ ஏறலாம். முன்வாசல் அருகே இருக்கும் கருவியில் வங்கிக் கார்டைத் தட்டினால் டிக்கெட் ஆகிவிடும். டாக்சி வேண்டுமென்றால் போல்ட் செயலி. அது 2013-இல் தாலினிலேயே பிறந்த கம்பெனி.

தங்குமிடத்தில் ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் பல அபார்ட்மென்ட்களில் ஆளே இருக்க மாட்டார்கள். கதவைத் திறக்கும் எண்ணை மெயிலில் அனுப்பிவிடுவார்கள். களைத்துப்போய், போனில் சார்ஜும் இல்லாமல் அந்தக் கதவின் முன் நிற்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. முதல் இரண்டு இரவுகளாவது 24 மணி நேரமும் ரிசப்ஷனில் ஆள் இருக்கும் இடமாக எடுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

பணத்தை ஒரே கார்டில் வைக்காதீர்கள். ஒரு ஃபாரெக்ஸ் கார்டு, வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்ட ஒரு வங்கிக் கார்டு, கொஞ்சம் யூரோ நோட்டு என்று மூன்றாகப் பிரித்து, வெவ்வேறு இடத்தில் வையுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். போன் சார்ஜரின் மெல்லிய இரட்டை முள் பிளக் பெரும்பாலும் பொருந்தும், மூன்று முள் பிளக் பொருந்தாது. எந்த அவசரத்துக்கும் எண் 112. தாலினில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு அங்கே போக வேண்டும். பாஸ்போர்ட் நகல் பெட்டியில் ஒன்று, போனில் ஒன்று, வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

முதல் நாளில் ஊர் சுற்ற அவசரப்படாதீர்கள். பழைய நகரத்தின் டவுன்ஹால் சதுக்கம் வரை நடந்து போய் வந்தால் போதும். அங்கே ஒரு மூலையில் இருக்கும் மருந்துக்கடை 1422-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வருகிறது. இன்றும் மருந்து விற்கிறது.

அத்திப்பட்டுக்காரர் என்பதால் உங்களுக்கென்று ஒரு இடம் சொல்கிறேன். தாலினிலிருந்து கிழக்கே ரயிலில் போனால் இடா-விரு மாவட்டம். ஆயில் ஷேல் என்ற எண்ணெய்ப் பாறையை வெட்டி எடுத்து, நார்வா அருகே அனல் மின் நிலையங்களில் எரித்துத்தான் அந்த நாடு பல பத்தாண்டுகள் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தயாரித்தது. எரித்த சாம்பலும், எண்ணெய் பிரித்தபின் மிஞ்சிய கழிவும் அங்கே குன்று குன்றாகக் கிடக்கின்றன. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய் வழியே போய்ச் சேரும் செப்பாக்கம் சாம்பல் குளத்தையும், கொசஸ்தலையாற்றில் படியும் சாம்பலையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் குன்றுகள் புதிதாக இருக்காது. புதிதாக இருப்பது, அவற்றை வைத்து அவர்கள் செய்திருப்பது. கிவியொலி என்ற ஊரில் அப்படி ஒரு கழிவுக் குன்றைச் சாகச விளையாட்டு மையமாக்கி, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விடுகிறார்கள். கோத்லாவில் 2001-இல் மூடிய சுரங்கம் இன்று அருங்காட்சியகம். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, தொழிலாளர்கள் போன குட்டி ரயிலிலேயே போகலாம். நம் ஊரில் இப்படிச் செய்ய முடியாதா என்ற கேள்வியோடு நீங்கள் திரும்பி வந்தால் இந்தப் பயணத்தின் செலவு முழுதும் தகும்.

நார்வா ஆற்றின் இக்கரையில் எஸ்டோனியாவின் ஹெர்மன் கோட்டை, அக்கரையில் ரஷ்யாவின் இவான்கோரோட் கோட்டை. கோட்டையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புங்கள். எல்லைப் பாலத்துப் பக்கம் போக வேண்டாம். ஒருமுறை நுழையும் விசாவில் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறினால் திரும்ப உள்ளே வர முடியாது. தாலினிலிருந்து ஹெல்சிங்கிக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம்தான். அது ஷெங்கனுக்குள்ளேயே இருப்பதால் அதே விசாவில் தாராளமாகப் போய்வரலாம்.

கேள்வி: செர்பியாவுக்கு இந்தியர்களுக்கு விசாவே தேவையில்லை என்று என் நண்பர் சொல்கிறார். உண்மையா?
- வாசகர், மீஞ்சூர்

பதில்: ஒரு காலத்தில் உண்மை. 2017 செப்டம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் போக முடிந்தது. 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டுவிட்டது. சிறிய நாடுகள் விசா விதிகளை அடிக்கடி மாற்றுகின்றன. போய்வந்தவர் சொன்னார் என்று டிக்கெட் எடுக்காதீர்கள். அந்தந்தத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கேள்வி: டூரிஸ்ட் விசாவில் ஐரோப்பா போய் இறங்கினால் போதும், அங்கேயே வேலை வாங்கித் தருகிறோம் என்று ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். நம்பலாமா?
- வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: கூடவே கூடாது. டூரிஸ்ட் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடியும் நுழையத் தடை விதிப்பார்கள். அதுவரை சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் புகார் கொடுக்க முடியாமல் தவிப்பீர்கள். வேலைக்குப் போகிறவர் கையில் வேலை ஒப்பந்தமும் வேலை விசாவும் இங்கிருந்து கிளம்பும்போதே இருக்க வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. உங்களிடம் மூன்று லட்சம் கேட்டவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.