ஒருமுறை மெய்ப்பித்தால் போதும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

அறைக்கொரு பூட்டு இருந்தால் கையில் சாவிக்கொத்து வேண்டும். கணினி உலகின் சாவி கடவுச்சொல். மின்னஞ்சலுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று எனக் கடவுச்சொற்கள் பெருகும்போது மனம் அவற்றைச் சுமக்க மறுக்கிறது. தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிவைக்கத் தோன்றுகிறது. அங்கேயே காவல் தளர்ந்துவிடுகிறது. ஒருமுறை மட்டும் தம்மை மெய்ப்பித்து, தமக்கு உரிமையுள்ள கதவுகளையெல்லாம் திறக்க வழியுண்டா? இவ்வினாவுக்கு விடையாகப் பிறந்த ‘ஒற்றை நுழைவு’ முறையை இப்பாடம் விளக்குகிறது.

பொதுக்கணினி எழுப்பிய வினா

அமெரிக்காவிலுள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1983ஆம் ஆண்டில் ‘ஏதெனா’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஐ.பி.எம்., டிஜிட்டல் எக்விப்மென்ட் ஆகிய நிறுவனங்கள் அதற்குத் துணைநின்றன. வளாகமெங்கும் பொதுக்கணினிகளை நிறுவுதல், எந்த மாணவரும் எந்தக் கணினியின்முன் அமர்ந்தும் தம் கோப்புகளைப் பெறச்செய்தல் என்பன அதன் நோக்கங்கள்.

இங்குதான் சிக்கல் எழுந்தது. பொதுக்கணினி யார் கையிலும் இருக்கலாம். “நான்தான் இன்னார்” என்று அது சொல்வதைக் கோப்புகளைக் காக்கும் சேவையகம் எப்படி நம்பும்? ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை அனுப்பச் சொல்லலாம். ஆனால், வலையமைப்பில் செல்லும் செய்தியை இடையில் ஒருவர் ஒற்றுக்கேட்டால் கடவுச்சொல் களவுபோய்விடும். ஆகவே, கடவுச்சொல்லை அனுப்பாமலேயே அதனை அறிந்திருப்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

ரோஜர் நீடம், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய அறிஞர்கள் 1978இல் வெளியிட்ட நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டு, ஏதெனா திட்டத்தினர் ‘கெர்பெரோஸ்’ என்னும் முறையை உருவாக்கினர். கீழுலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாய்க்குக் கிரேக்கத் தொன்மம் தந்த பெயர் இது.

சீட்டு செல்லும் வழி

பொருட்காட்சித் திடலின் வாயிலில் ஒருமுறை நம் அடையாளத்தைக் காட்டிக் கைப்பட்டை பெறுகிறோம் எனக் கொள்வோம். உள்ளேயுள்ள அரங்குகளில் பட்டையைக் காட்டினால் போதும். அடையாளத்தை மீண்டும் யாரும் கேட்பதில்லை. கெர்பெரோஸ் முறையும் இத்தகையதே. இதில் பயனர், சேவையகம், இருவரும் நம்பும் திறவுகோல் மையம் என மூவர் உளர்.

பயனர் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ததும், அவருடைய கணினி அதிலிருந்து ஒரு திறவுகோலை ஆக்குகிறது. அத்திறவுகோலால் அப்போதைய நேரத்தை மறையாக்கம் செய்து மையத்துக்கு அனுப்புகிறது. மையம் தன்னிடமுள்ள அதே திறவுகோலால் அதனைத் திறக்கிறது. உள்ளே சரியான நேரம் இருந்தால், அனுப்பியவர் கடவுச்சொல்லை அறிந்தவர் என்பது உறுதியாகிறது. உடனே மையம் ஒரு முதன்மைச் சீட்டை வழங்குகிறது.

பின்னர்க் கோப்புச் சேவையகம் தேவைப்படும்போது, கணினி முதன்மைச் சீட்டைக் காட்டி அச்சேவைக்குரிய தனிச்சீட்டைப் பெறுகிறது. அத்தனிச்சீட்டு, அந்தச் சேவையகம் மட்டுமே திறக்கக்கூடியவாறு பூட்டப்பட்டிருக்கும். இவையனைத்தும் பயனரின் கண்ணுக்குத் தெரியாமல் நொடிப்பொழுதில் நிகழ்கின்றன. கடவுச்சொல்லோ ஒருமுறைகூட வலையமைப்பில் பயணம் செய்வதில்லை.

கடிகாரமும் காவலன்

களவாடிய செய்தியை அப்படியே மீண்டும் அனுப்பி ஏமாற்ற முடியாதா? அதைத் தடுக்கவே ஒவ்வொரு வேண்டுகோளிலும் நேரம் பொறிக்கப்படுகிறது. இரு கணினிகளின் கடிகாரங்களும் பொதுவாக 5 நிமிடத்துக்குமேல் வேறுபட்டால் வேண்டுகோள் தள்ளப்படும். கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவு மறுக்கப்பட்டால், முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தையே. சீட்டுக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் களத்தில் அது வழக்கமாக 10 மணிநேரம்.

இயக்க அமைப்புகளில் நிறுவுதல்

நெறிமுறை ஒன்றே, நிறுவும் முறைதான் இயக்க அமைப்புதோறும் வேறுபடுகிறது.

விண்டோஸ்: விண்டோஸ் 2000 முதல் ‘ஆக்டிவ் டைரக்டரி’ களங்களில் கெர்பெரோஸ் முதன்மை முறையாக உள்ளது. நிருவாகி கணினியைக் களத்தில் ஒருமுறை இணைத்துவிட்டால் போதும். பயனர் காலையில் உள்நுழையும்போதே முதன்மைச் சீட்டும் கிடைத்துவிடும்.

லினக்ஸ்: அமைவுக்கோப்பில் களத்தின் பெயரையும் மையத்தின் முகவரியையும் எழுத வேண்டும். களத்தின் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதுவது மரபு; எழுத்து மாறினால் பெயரும் மாறியதாகவே கொள்ளப்படும். ‘கேஇனிட்’ கட்டளை சீட்டைப் பெற்றுத்தரும். ‘கேலிஸ்ட்’ கையிலுள்ள சீட்டுகளைக் காட்டும். ‘கேடெஸ்ட்ராய்’ அவற்றை அழிக்கும். உள்நுழையும்போதே சீட்டு கிடைக்குமாறும் அமைக்கலாம்.

மேக்: ‘டிக்கெட் வியூவர்’ என்னும் செயலியில் சீட்டைப் பெறலாம், பார்க்கலாம், அழிக்கலாம்.

மூன்றுக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. கடிகாரங்கள் ஒரே நேரச் சேவையகத்தைப் பின்பற்ற வேண்டும். சேவையகத்தை எண்முகவரியால் அழைக்காமல், பதிவுசெய்த பெயரால் அழைக்க வேண்டும். ஏனெனில், சீட்டுகள் பொதுவாகப் பெயருக்கே வழங்கப்படுகின்றன. சேவையகத்தின் திறவுகோல் அடங்கிய கோப்பைப் பிறர் படிக்க இயலாதவாறு காக்க வேண்டும்.

தெரியுமா?

மறையாக்க மென்பொருளை வெளிநாடுகளுக்கு அனுப்ப அமெரிக்கா ஒருகாலத்தில் கடுங்கட்டுப்பாடு விதித்திருந்தது. அச்சூழலில் சுவீடனில் தனியே உருவான கெர்பெரோஸ் மென்பொருளின் பெயர் ‘ஹெய்ம்டால்’. நார்சு தொன்மத்தில் கடவுளரின் காவலன் பெயர் அது.

வசதியும் பொறுப்பும்

ஒற்றை நுழைவு, கடவுச்சொற்களின் சுமையைக் குறைக்கிறது. ஆயினும் நம்பிக்கை முழுவதையும் ஓரிடத்தில் குவிக்கிறது. திறவுகோல் மையம் நின்றுபோனால் புதிதாக எவரும் நுழைய இயலாது. எனவே, அதற்கு மாற்று மையங்கள் தேவை. மையத்திலுள்ள திறவுகோல்கள் களவுபோனால் களம் முழுவதுமே பறிபோகும். எனவே, அதற்குப் பலத்த காவல் தேவை. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல் இருந்தால், எவ்வளவு நுட்பமான நெறிமுறையும் பயன்தராது.

எல்லாவற்றினும் எளிய ஆபத்து வேறொன்று. உள்நுழைந்தவர் கணினியைப் பூட்டாமல் எழுந்துசென்றால், அடுத்து அமர்பவருக்கு எல்லாக் கதவுகளும் திறந்தே இருக்கும். அவரை எந்தச் சேவையகமும் தடுக்காது. சீட்டு உண்மையானது, அமர்ந்திருப்பவர்தாம் வேறொருவர். நெறிமுறையால் காக்க இயலாத இந்த ஓரிடத்தைக் காக்க வேண்டியவர் பயனரே. பொதுக்கணினியைவிட்டு எழும்போது வெளியேறுவதும், சீட்டு அழிந்துவிட்டதா எனப் பார்ப்பதும் வெறும் வழக்கங்கள் அல்ல. நம்மை நம்பித் தரப்பட்ட சாவிக்கு நாம் செலுத்தும் மரியாதை.

கலைச்சொல் அறிவோம்

நெறிமுறை – புரோட்டோகால்
சேவையகம் – சர்வர்
மறையாக்கம் – என்கிரிப்ஷன்
அனுமதிச்சீட்டு – டிக்கெட்

கற்பவை கற்றபின்

1. பயனர், திறவுகோல் மையம், சேவையகம் ஆகிய பாத்திரங்களை ஏற்று, சீட்டு செல்லும் வழியை வகுப்பில் நடித்துக் காட்டுக.
2. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு விதிகளைச் சுவரொட்டியாக எழுதுக.

மதிப்பீடு

குறுவினா: கெர்பெரோஸ் முறையில் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டியது ஏன்?
சிறுவினா: முதன்மைச் சீட்டுக்கும் தனிச்சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
நெடுவினா: ‘ஒற்றை நுழைவு சுமையைக் குறைக்கிறது, பொறுப்பைக் கூட்டுகிறது’ – இக்கூற்றைப் பாடப்பகுதி வழி நிறுவுக.